‘தீபன்’ திரைப்படத்தில் மொழியும் வாழிடமும்: சீத்தா கேம்ப் நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியாரின் ‘தீபன்’ 2015ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. பிரான்சில் உருவான இப்படத்தின் உரையாடல் பெரும்பாலும் தமிழிலேயே அமைந்துள்ளது. ஆனால் இயக்குநருக்கோ, அவருடன் திரைக்கதை எழுதிய தோமா பிதெகேன், நோயே தெப்ரே ஆகியோருக்கோ தமிழ் தாய்மொழி அன்று. எனவே, இப்படத்தில் தமிழ் யாருடைய படைப்பு, அது எதைக் காட்டி எதைக் காணத் தவறுகிறது என்னும் வினாக்கள் எழுகின்றன. இடம்பெயர்க்கப்பட்ட தமிழர் வாழும் மும்பை சீத்தா கேம்பின் வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழிபெயர்ப்பாளரின் இடம்

போரில் தோற்ற போராளி சிவதாசன், இறந்துபோன தீபன் என்பவனின் கடவுச்சீட்டில் பிரான்சை அடைகிறான். உடன்வரும் யாழினியும் சிறுமி இளையாளும் அவனுக்கு உறவினர் அல்லர்; தாள்களே அவர்களைக் குடும்பமாக்குகின்றன. புகலிட விசாரணையில் அவன் ஒப்பிக்கும் கதையைத் தமிழரான மொழிபெயர்ப்பாளர் இடைமறிக்கிறார். இரு தமிழரிடையே நிகழும் அப்பேச்சு எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரிக்குப் புரிவதில்லை. படம் உருவான முறைக்கே இக்காட்சி உவமையாகிறது. அதிகாரியின் இருக்கையில் இயக்குநர் இருக்கிறார். பொருள் பிறப்பதோ நடிகர்களிடையே.

தீபனாக நடித்த அந்தோணிதாசன் யேசுதாசன், ‘கொரில்லா’, ‘ம்’ ஆகிய புதினங்களை எழுதிய ஷோபாசக்தியே ஆவார். இளம் வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து விலகிய அவர், 1993இல் பிரான்சை அடைந்தவர். யாழினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர். இவர்களது குரலின் ஏற்ற இறக்கமும் மௌனமும் பிரெஞ்சுத் துணையுரைக்குள் அடங்காதவை. ஆதலின் இப்படத்தின் தமிழுக்கு இவர்களையும் ஆசிரியராகக் கொள்வதே பொருந்தும்.

வாழிடமும் உழைப்பும்

அணுசக்தி மையத்தின் தேவைக்காக, நெருக்கடிநிலைக் காலமான 1976 மே மாதத்தில் டிராம்பேயின் ஜனதா காலனி அகற்றப்பட்டது. ஜோக்கின் அற்புதம் முன்னின்று நடத்திய எதிர்ப்பையும் மீறி, அங்கு வாழ்ந்தோர் சீத்தா கேம்பின் சதுப்பு நிலத்திற்கு மாற்றப்பட்டனர். அந்நிலத்தை ஊராக்கியது அம்மக்களின் உழைப்பு. இவ்வரலாற்றை அறிந்தவருக்குப் படத்தின் முற்பகுதி அயலாகத் தோன்றாது. தீபன் மாடிப்படிகளைத் துடைக்கிறான். பழுதான மின்தூக்கியைச் சீராக்குகிறான். ஓரிடத்தில் உழைப்பதன் வழியாகவே அவன் அவ்விடத்திற்கு உரியவனாகிறான். படத்தின் ஆற்றல் மிக்க பகுதி இதுவே.

குறையும் இங்கேயே தொடங்குகிறது. அதே குடியிருப்பில் வாழும் பிறர் போதைப்பொருள் கும்பலாகவே பெரிதும் காட்டப்படுகின்றனர். முகம் பெறுவோர் பிராகிம் போன்ற மிகச் சிலரே. சேரி என்றதும் வன்முறையைத் தேடும் இப்பார்வை மும்பைத் தமிழர் நன்கறிந்தது. ‘நாயகன்’ (1987) தாராவித் தமிழரை நினைவில் நிறுத்தியதும் ஒரு நிழலுலகத் தலைவன் வழியாகத்தான். எனவே இது அயலவரின் குறை மட்டுமன்று. ‘காலா’வும் (2018) அத்தகைய தலைவனையே நடுவில் நிறுத்தினும், நில உரிமையைப் பொருளாக்கி அவ்வழக்கத்தை ஓரளவு மாற்றியது.

முடிவின் சிக்கல்

இரு கட்டடங்களுக்கு இடையே வெள்ளைக் கோடிட்டு, அதனைச் ‘சுடாப் பகுதி’ எனத் தீபன் அறிவிக்கும் காட்சி, 2009இல் வன்னியில் அறிவிக்கப்பட்டு மீறப்பட்ட பாதுகாப்பு வலயங்களை நினைவூட்டுகிறது. பேரழிவைக் கண்டவன் அமைதிக்காகச் செய்யும் இச்செயல் அரசியல் ஆழம் உடையது. ஆயினும் படம் அதனைத் தொடராமல், அவனை மீண்டும் படுகொலைக்குள் தள்ளிப் பின் இங்கிலாந்தின் ஒளிமிகு தோட்டத்தில் நிறுத்துகிறது. போராளியின் உள்ளியல்பு வன்முறையே என்னும் எளிய கருத்து, நடிகர்கள் கட்டியெழுப்பிய நுட்பத்தைச் சிதைக்கிறது.

முடிவுரை

ஓதியாரின் ‘எமிலியா பெரேஸ்’ (2024) மெக்சிகோவைச் சித்திரித்த முறைக்காக அந்நாட்டவரின் கடும் கண்டனத்திற்கு உள்ளானது. ஒரு மக்களின் மொழியைக் கேட்பதும் அம்மக்களின் வாழ்வை அறிவதும் வேறுவேறு என்பதை இது மீண்டும் உணர்த்துகிறது. ‘தீபன்’ தமிழருக்குக் கிடைத்த பெருமை எனக் கொண்டாடுவதோ, அயலவரின் திரிபு எனத் தள்ளுவதோ முறையன்று. துணையுரையின்றி அதனைக் கேட்க இயலும் தமிழ்த் திறனாய்வாளர், அதிகாரிக்குப் புரியாமல் போன அவ்வுரையாடலை வெளிக்கொணர வேண்டும். அப்பணியைப் பிறர் செய்ய இயலாது.