முகாம் முடிந்த மறுநாள்

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென அரசு வைத்திருக்கும் திட்டங்கள் குறைவில்லை. அடையாள அட்டை, மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, பேருந்துச் சலுகை என்று பட்டியல் நீளும். இவற்றில் எது தனக்கு உண்டு, யாரிடம் கேட்பது, எந்தத் தாளோடு போவது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் அரிது. அந்த இடத்தை நிரப்ப அரசு பல ஆண்டுகளாக நம்பியிருப்பது சிறப்பு முகாமை. பள்ளி வளாகத்திலோ திருமண மண்டபத்திலோ பந்தல் போட்டு, டாக்டர்களையும் வருவாய்த்துறையினரையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையினரையும் காப்பீட்டு அட்டைக்குப் படம் எடுப்பவர்களையும் ஒரே நாளில் உட்கார வைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். அரசு இதோடு நின்றுவிடுவதை ஏற்க முடியவில்லை.

முகாம் இல்லாவிட்டால் நடப்பது இது: ஊனச் சான்றுக்கு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண் டாக்டர் ஒரு நாள், எலும்பு டாக்டர் இன்னொரு நாள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார். பிறகு கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். ஏறி இறங்க முடியாதவருக்குப் பேருந்து உதவாது, ஆட்டோ பிடிக்க வேண்டும். உடன் வரும் தாயோ அண்ணனோ அன்றையக் கூலியை இழக்க வேண்டும். மலைக் கிராமத்துக்காரர் என்றால் போகவும் வரவுமே பொழுது போய்விடும். இந்த அலைச்சலை ஒரே நாளில் முடித்துக்கொடுக்கும் முகாமை விளம்பர நிகழ்ச்சி என்று ஒதுக்கிப் பேசுவது எளிது. இடுப்பில் பிள்ளையைச் சுமந்து நான்கு அலுவலகம் ஏறிய தாய் அப்படிப் பேசமாட்டார். 2021 ஜூன் முதல் ஊனச் சான்றை இணையவழியில் மட்டுமே வழங்க வேண்டும் என்றான பிறகு, கணினியோடு ஆட்கள் உட்கார்ந்திருக்கும் முகாமின் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

சான்று தரும் மேஜையிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் சோகை எல்லாம் உள்ளே வந்தன. முகாமின் வடிவமோ கை, கால், கண், காது ஆகியவற்றைப் பார்க்கவென்று அமைந்தது. அரிவாள் செல் சோகை நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் நோய். வலி வராத நாளில் அந்த நோயாளியைப் பந்தலில் நிறுத்தினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மனநோய் உள்ளவர் மாத்திரையின் தயவில் அன்றைக்கு அமைதியாக உட்கார்ந்திருப்பார். வேலைக்குப் போக முடிகிறதா, தானே குளிக்கிறாரா, பிறரோடு பேசுகிறாரா என்று பொறுமையாகக் கேட்டறிந்து மதிப்பிட வேண்டிய ஒன்றை, பின்னால் ஐம்பது பேர் நிற்கும் வரிசையில் எப்படிச் செய்வது? அறிவுசார் குறைபாட்டுக்கு உளவியலாளர் பரிசோதனை வேண்டும். அவர் வராத முகாமில் அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது இன்னொரு தேதிதான்.

‘எத்தனை பர்சன்ட் போட்டிருக்காங்க?’ என்பதுதான் சான்று வாங்கியவரிடம் ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடும் பாதிப்பு என்ற பிரிவில் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை பெற 75 சதவீதம் வேண்டும். 2023 ஜனவரி முதல் அது மாதம் 2,000 ரூபாய். அதற்குக் கீழே என்றால் வருவாய்த்துறை தரும் ஓய்வூதியத்துக்கு முயல வேண்டும். அது 1,500 ரூபாய், வறுமை நிபந்தனையும் உண்டு. ஒரே எண்ணின் ஏற்ற இறக்கத்தில் தொகையும் மாறுகிறது, போய் நிற்க வேண்டிய அலுவலகமும் மாறுகிறது. சதவீதத்தில் உடன்பாடு இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு சொல்கிறது. பந்தலில் ஒலிபெருக்கி நாள் முழுக்க அறிவிப்பு செய்கிறது. இதை அது சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது காப்பீட்டு மேஜை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த இது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. பிறவியிலேயே காது கேளாத ஏழைக் குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்த முடிந்தது இதனால்தான். அதற்காக மட்டுமே இத்திட்டத்தைப் பாராட்டலாம்.

ஆனால் இது குடும்ப அட்டையைப் பிடித்து நடக்கும் காப்பீடு. அண்ணன் வீட்டில் இருக்கும் திருமணமாகாத மாற்றுத்திறனாளித் தங்கையை நினைத்துப் பாருங்கள். அண்ணன் தனி அட்டை வாங்கும்போது அவள் பெயர் எந்த அட்டையிலும் ஒட்டாமல் போய்விட்டால் காப்பீடும் போயிற்று. அவளுக்கு முதலில் தேவைப்படுவது வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு உடன் வரும் ஓர் ஆள். காப்பீட்டு மேஜையில் இருப்பவரின் வேலைக்கு அது வெளியே.

இதைவிடப் பெரிய குறை, இக்காப்பீடு மருத்துவமனைப் படுக்கையை மையமாக வைத்தது என்பது. முதுகுத்தண்டு அடிபட்டவரின் செலவு பெரும்பாலும் வீட்டில் நடக்கிறது: சிறுநீர்க் குழாய், பை, காற்றுப் படுக்கை, படுக்கைப் புண்ணுக்குக் கட்டு, பிசியோதெரபி. புண் முற்றி அறுவை சிகிச்சைவரை போனால் காப்பீட்டில் கேட்க வழி உண்டு. புண் வராமல் காக்கும் செலவுக்கு வழியில்லை. சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 2021 டிசம்பர் முதல் தமிழ்நாடு அரசே ஏற்று எத்தனையோ உயிர்களைக் காக்கிறது. அப்படிக் காக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீடு திரும்புகிறவரின் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இதே அக்கறை வேண்டாமா?

வழி அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிசியோதெரபியையும் வலி நிவாரணச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீடு, 1 லட்சம் ரூபாய் வரம்புக்குள் வெளிநோயாளிச் செலவையும் தொடர் தெரபியையும் ஏற்கிறது. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. ஏழைக் குடும்பத்துக்குக் கட்டணமும் சொற்பம். மூளை முடக்குவாதக் குழந்தையின் தாய்க்கு 5 லட்சம் ரூபாய் அட்டையைவிட இதுதான் அன்றாடம் உதவும். இதையும் மக்களைத் தேடி மருத்துவத்தையும் சேர்த்து, ‘உங்கள் பிள்ளைக்கு இவை இரண்டும் உண்டு’ என்று ஒரே வாயால் சொல்பவர் முகாமில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மேஜையும் தன் துறையை மட்டுமே அறிந்திருக்கிறது.

பந்தலைப் பிரித்த பிறகு நிலைமை இன்னும் கடினம். விண்ணப்பம் எங்கே நிற்கிறது, ஏன் திரும்பியது, வங்கிக் கணக்கில் ஆதார் இணையாததால் பணம் நின்றதா என்று விசாரிக்க மறுபடி கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். தொழுநோயால் விரல் மழுங்கியவருக்கு ரேகை பதியாது. படுத்த படுக்கையாக இருப்பவர் முகாமுக்கே வந்திருக்கமாட்டார். சான்று வழங்கும் கெடுவை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக 2024ஆம் ஆண்டின் மத்திய விதித் திருத்தம் நீட்டியிருப்பதால் காத்திருப்பும் கூடுகிறது. இந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறார். அவரைத் திட்டுவது சரிதான், ஆனால் ஏழைக் குடும்பம் அவரிடம் போவது வேறு யாரும் உடன் வராததால்.

உடன் வருகிறவர்கள் இருக்கும் ஊர்களும் உண்டு. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் போன்ற அமைப்புகளின் கிளைத் தோழர்கள், தாங்களே மூன்று சக்கர வண்டியில் வந்து, அடுத்தவர் மனுவை எழுதி, அதிகாரியிடம் வாதாடுகிறார்கள். எந்த ஆவணம் எந்த மேஜையில் முடங்கும் என்பது அவர்களுக்குப் பட்டு அறிந்த பாடம். தென்காசி அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் வேறொரு வழியைக் காட்டியது. கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அந்த நிறுவனத்தின் பணியாளர்கள் கிராமத்துக்கு, வீட்டுக்கு, ஒரே குழந்தையிடம் திரும்பத் திரும்பப் போகிறார்கள். முகாம் ஒரு முறை பார்த்து அனுப்பும் பிள்ளையை இவர்கள் நடக்கிறவரை பின்தொடர்கிறார்கள்.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் வீடு வீடாகக் கணக்கெடுப்பும், தெரபிகளை ஒரே கூரைக்குள் தரும் ‘விழுதுகள்’ சேவை மையங்களும் வந்திருக்கின்றன. சரியான திசை. திட்டக் காலம் முடிந்த பின்னும் ஊழியர்கள் இருப்பார்களா என்பதுதான் என் கவலை. உதவித்தொகையிலும் தமிழ்நாடு அரசின் தயக்கம் தெரிகிறது. ஆந்திரம் 2024இல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாக உயர்த்திவிட்டது.

முகாம் தொடரட்டும், சில மாற்றங்களோடு. விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். வர முடியாதவர் வீட்டுக்கு மறுவாரமே குழு போக வேண்டும். ஒவ்வொருவர் கையிலும், அடுத்து யாரைக் கேட்பது என்று ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் சம்பளம் வாங்கும் ஊழியராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு இருவர் என்றாலும் எண்ணூறு பேருக்குக் குறைவு. உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த 2025இல் சட்டம் திருத்திய அரசுக்கு இது பெரிய எண்ணிக்கை ஆகாது. அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது, இத்தனை காலம் கைக்காசு செலவழித்து அடுத்தவருக்காக அலுவலகம் ஏறிய மாற்றுத்திறனாளிகளை முதலில் கூப்பிட வேண்டும்.