தணிந்த கனல்: வேர்ட்ஸ்வொர்த்தின் இரு பாடங்கள்

இளமையில் உலகைத் திருத்தப் புறப்பட்டோர் பலர் முதுமையில் உலகோடு ஒத்துப்போய் அமைந்துவிடுகின்றனர். இதற்குக் காரணம் வயது என்பர் சிலர். பதவி என்பர் சிலர். இவ்விரு விடைகளும் போதுமானவை தாமா என்பதை ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் வாழ்வையும் வாக்கையும் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1791ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சுக்குச் சென்றபோது அவருக்கு வயது 21. உயர்குடியிற் பிறந்தும் புரட்சியின் பக்கம் நின்ற பொபுயி என்னும் படை அலுவலர் அங்கு அவருக்கு நண்பரானார். ஒருநாள் இருவரும் வழியில் ஒரு சிறுமியைக் கண்டனர். பசியால் மெலிந்த அவள், கையிற் பிணித்த கயிற்றின் முனையில் ஒரு கிடாரியை மேயவிட்டுத் தளர்நடை நடந்தாள். இக்கொடுமையை எதிர்த்தே தாம் போரிடுவதாக நண்பர் கூறினார். இந்நிகழ்ச்சியைக் கவிஞர் 'பிரிலூடு' என்னும் தன்வரலாற்றுக் காவியத்தில் அமைத்துள்ளார். 1793இல் குடியரசை ஆதரித்துப் பேராயர் ஒருவர்க்கு மறுப்பு மடலும் வரைந்தார். அஃது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.

இத்தகையவர் 1813இல் அரசின் முத்திரைத்தாள் வழங்கும் அலுவலை ஏற்றார். 1818ஆம் ஆண்டுத் தேர்தலில் லோதர் என்னும் பெருநிலக்கிழார் குடும்பத்திற்காக உழைத்தார். 1841இல் மரண தண்டனையை ஆதரிக்கும் பாடல்களை வெளியிட்டார். 1843இல் அரசவைக் கவிஞரானார். இம்மாற்றத்தை நினைந்தே பிரௌனிங் 1845இல் வெளியான தம் பாடலில் கட்சி மாறிய தலைவனைச் சாடினார்.

பதவியே காரணம் எனின், பதவிக்கு முன்னரே மாற்றம் தொடங்கியமை எவ்வாறு? 1793இல் மூண்ட போரும், ரோபெஸ்பியரின் கொடுங்கோன்மையும், 1798இல் சுவிட்சர்லாந்தின்மீது பிரான்சு படையெடுத்தமையும், 1804இல் நெப்போலியன் முடிசூடியமையும் அவர் நம்பிக்கையைச் சிறிது சிறிதாகச் சிதைத்தன. வயதே காரணம் எனின், அவர்க்கு எட்டாண்டு இளையவரான ஹாஸ்லிட் நாற்பதைக் கடந்தும், 1830இல் இறக்குந்துணையும், புரட்சியின் கொள்கையைக் கைவிடாமை எவ்வாறு?

விடையைக் காவியத்தின் இரு பாடங்களில் காணலாம். 1805இல் முடிவுற்ற பாடம் அச்சேறாதிருந்தது. பல்லாண்டு திருத்தப்பெற்ற பாடம் கவிஞர் மறைந்த 1850இல் வெளிவந்தது. புரட்சியைக் கடிந்து 1790இல் நூல் எழுதிய பர்க்கு என்பாரைப் போற்றும் பகுதி முற்பாடத்தில் இல்லை, பிற்பாடத்தில் உள்ளது. ஆயினும் பசித்த சிறுமியைக் கவிஞர் நீக்கினாரல்லர். நண்பரின் சொல்லையும் நீக்கினாரல்லர். இரு பாடத்திலும் அவள் நடந்துகொண்டே இருக்கின்றாள்.

எனவே கவிஞரின் நெஞ்சு கல்லாயிற்று எனல் பொருந்தாது. 1834இல் வந்த புதிய ஏழையர் சட்டத்தைக் குறைகூறி, உதவி பெறுதல் வறியோரின் உரிமை என 1835இல் வாதிட்டவரும் அவரே. இளமை எழுச்சியில் இரண்டு கூறுகள் உள்ளன: ஒன்று இரக்கம், மற்றொன்று, இரங்கத்தக்க நிலையை மாற்றவியலும் என்னும் நம்பிக்கை. வேர்ட்ஸ்வொர்த் தம் நம்பிக்கையை ஒரே நிகழ்ச்சியின்மீது ஏற்றிவைத்தார். அந்நிகழ்ச்சி சரிந்தபோது அதுவும் உடன் சரிந்தது. இரக்கம் மட்டும் எஞ்சியது. சிறுமிக்கு உணவு வேண்டும் என்பதை அவர் மறந்திலர்; அவளைப் பசியில் விட்ட அமைப்பு மாறவேண்டும் என்பதையே கைவிட்டார்.

இணங்கிப்போதலின் இயல்பு இதுவே எனக் கருதுகின்றோம். அது பெரும்பாலும் கொடுமையின் உருவில் வருவதன்று; கோரிக்கையை இழந்த கருணையின் உருவிலேயே வருகின்றது. ஆதலின் அதனைப் பிறரிடத்துக் காண்பது எளிது. தம்மிடத்துக் காண்பது அரிது. ஒரு கவிஞரின் முதுமையைப் பழிக்குமுன் அவர்தம் இரு பாடங்களையும் ஒருங்கு வைத்துக் கற்றல் வேண்டும். நம் வாழ்வின் முற்பாடத்தையும் பிற்பாடத்தையும் அவ்வாறே ஒப்புநோக்குதல் நன்று.