நீலக் கலர் போல்ட்

அரக்கோணத்துக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்னய்யா சம்பந்தம் என்பீர்கள். பக்கத்து இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப். டயர் செய்கிறார்கள். ரயில்வேயின் எலெக்ட்ரிக் லோகோ ஷெட் இருக்கிறது. ராஜாளி தளத்திலிருந்து கடற்படையின் பி-8ஐ விமானங்கள் கிளம்புகின்றன. சக்கரம் அறிந்த ஊர். போர்ஷேவுக்கு ஆசைப்பட்டு போலோ ஜி.டி.யில் திருப்தி அடைந்தவர்கள் திருத்தணி ரோட்டிலும் உண்டு. 2022-ல் அதன் தயாரிப்பு நின்றும் மோகம் குறையவில்லை.

வாங்கிய கையோடு கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு பளபள அலாய் மாட்டுகிறார்கள். மாட்டட்டும், அழகு அவரவர் இஷ்டம். என் சண்டை, அந்த வீலைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தேர்ந்தெடுக்கிற லட்சணத்தோடு.

மாருதியில் ஹப்பிலேயே ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும். வீலைத் தொங்கவிட்டு நட்டு போட்டால் முடிந்தது. ஜெர்மன்காரர்களுக்கு போல்ட்தான். வீலை முழங்காலால் முட்டுக் கொடுத்து, ஓட்டைக்கு ஓட்டை நேர் பார்த்து முறுக்க வேண்டும். ரோட்டோரத்தில் மழையில் ஸ்டெப்னி மாற்றியவர்களைக் கேளுங்கள், இதை நல்ல டிசைன் என்று சொல்ல மாட்டார்கள்.

போல்ட்டின் தலைக்குக் கீழே பாருங்கள். ஃபோக்ஸ்வாகனில் அது பந்து மாதிரி வளைந்திருக்கும், ஆரம் 13 மி.மீ. போர்ஷேயில் 14. கடை அலாய்கள் பலவற்றிலோ 60 டிகிரி கூம்பு. மரை எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்: 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச். அதனால் பழைய போல்ட் புது வீலில் சமர்த்தாக இறங்கிவிடும். ‘கரெக்டா உக்காந்திருச்சு சார்’ என்பார் கடைக்காரர். உட்காரவில்லை. கூம்புக்குள் பந்து ஒரு மெல்லிய வளையத்தில்தான் தொடும். ஓட ஓட அந்த இடம் நசுங்கிப் பிடிப்பு தளரும். நீலம், தங்கம் என்று கலர் கலராக விற்கும் அலுமினிய சமாசாரங்களைத் தொடவே வேண்டாம். தலையில் 10.9 என்று பொறித்த ஸ்டீல் போல்ட் கேளுங்கள். கையால் முறுக்கும்போது எண்ணுங்கள், இறுகுமுன் ஏழரைச் சுற்றாவது போகணும். ரொம்ப நீளமானால் பின் சக்கரத்து டிரம் பிரேக்கில் இடிக்கும்.

இனி இறுக்குகிற கூத்து. போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். 40 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் சுமார் 30 கிலோ அழுத்தம், அவ்வளவே. கடைப்பையன் 70 கிலோ இருப்பான். ஏறி நின்று மிதித்தால் 270-ஐத் தாண்டும். ஏர் கன் எவ்வளவு இறுக்கியது என்பது அதற்கே தெரியாது.

நாம் முறுக்குவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது, மிச்சமெல்லாம் உராய்வில் போகிறது. அந்த ஒரு பங்கே 4 டன்னுக்கு மேல்! போல்ட் ஸ்பிரிங் மாதிரி துளி நீண்டு, சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பில்தான் வீல் ஹப்போடு ஒட்டியிருக்கிறது. ‘துரு ஏறாது சார்’ என்று மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே 120-ல் போல்ட் அளவு மீறி நீண்டுவிடும்.

பெரிய இடத்திலும் இது நடக்கும். 2018-ல் மெல்போர்ன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 4, 5-ஆம் இடங்களில் இருந்த ஹாஸ் கார்கள் இரண்டும், டயர் மாற்றியதும் நட்டு சரியாக இறுகாமல் ஓரங்கட்டின. 2021 மொனாக்கோவில் போட்டாஸுக்கு நேர்மாறு. நட்டு வழுவழுவென்று தேய்ந்து கழற்றவே முடியவில்லை. தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த்தான் கழற்றினார்கள்.

ராஜாளியில் விமானச் சக்கரத்தை டார்க் ரென்ச் இல்லாமல் மாட்டமாட்டார்கள். அரக்கோணத்து டயர் கடையில் அந்த ரென்ச்சைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கலாம், நாலு அலாய் விலைக்கு முன் அது கொசுறு. ஹப்பின் துருவைத் தேய்த்துவிட்டு, ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில், ஜாக்கியில் லேசாக, தரையில் இறக்கியபின் முழுதாக. 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. இடையில் ஸ்டியரிங் உதறினாலோ, சக்கரப் பக்கம் ‘டக் டக்’ கேட்டாலோ, அலைன்மென்ட்தான் என்று திருத்தணி வரை ஓட்டாதீர்கள். அங்கேயே ஓரமாக நிறுத்தி போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள்.