அச்சகத்துக் கைக்கணக்கு

ஒரு ரீம் தாள் எத்தனை கிலோ என்று அச்சுத் தொழிலில் ஊறிய ஒருவரிடம் கேட்டால், அவர் கால்குலேட்டரைத் தேடுவதற்கு முன் 3100 என்ற எண்ணைத்தான் நினைப்பார். தாளின் நீள அகலத்தை அங்குலத்தில் பெருக்கு, ஜிஎஸ்எம்மால் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) பெருக்கு, 3100-ஆல் வகு. 23 x 36 அங்குல டபுள் டெமி, 70 ஜிஎஸ்எம் என்றால் 18.7 கிலோ. அங்குலத்தையும் கிராமையும் ஒரே வரியில் கலக்கும் விநோதமான சூத்திரம்தான்; ஆனாலும் பிசகாது. ஒரு சதுர மீட்டரில் 1550 சதுர அங்குலம். ரீமுக்கு 500 தாள், கிலோவுக்கு 1000 கிராம். ஆகவே 1550-இன் இரு மடங்கு. தாளை அங்குலத்தில் வெட்டி, கிராமில் தரம் பிரித்து, எழுத்தைப் பாயிண்டில் அடுக்கும் ஒரு தொழிலுக்கு இதைவிடக் கச்சிதமான பாலம் கிடைக்காது.

இத்தகைய கைக்கணக்குகளை ஏளனமாகப் பார்ப்பது படித்தவர்களின் வழக்கம். அந்தப் பார்வை தவறு. டெமி 1/8 அளவில் 160 பக்கப் புத்தகம், 1000 பிரதி என்று ஒரு ஜாப் வந்தால், ஃபாரத்துக்கு 16 பக்கம் வீதம் 10 ஃபாரம், பிரதிக்கு 10 டெமி தாள், மொத்தம் 10,000 தாள், அதாவது 20 ரீம். டபுள் டெமியாக வாங்கினால் 10 ரீம், 187 கிலோ. வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே இது முடிந்துவிடும். மடிப்பு ஒவ்வொன்றும் இரட்டிப்பு என்பதால் பெரும்பாலும் இரண்டால் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். பள்ளிக் கணக்கில் பின்தங்கியவரும் அச்சகத்தில் தேர்ந்துவிடுவது இதனால்தான். இவை பல கைகள் புழங்கித் தேய்த்த கணக்குகள். தேயாதது பழக்கத்திலிருந்து விழுந்துவிட்டது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கைக்கணக்கு விடையைத் தருகிறது, அந்த விடை செல்லுபடியாகும் எல்லையைச் சொல்வதில்லை. 3100 என்பது 500 தாளுக்கான எண். 100 தாள் பாக்கெட்டாக வரும் ஆர்ட் கார்டுக்கு வகுக்க வேண்டியது 15500. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவார். 1550 எங்கிருந்து வந்தது என்று அறிந்தவர் தடுமாறமாட்டார். இதையாவது ஒரு நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். இன்னும் ஆழமான குறை, சூத்திரத்துக்குள் போடும் எண்களைப் பற்றியது. ஐடிஐ பாடத்தில் வரும் ஒர்க்‌ஷாப் கால்குலேஷனாகட்டும், அச்சகத்தில் மூத்தவர் சொல்லித் தரும் கணக்காகட்டும், கேள்வி எப்போதும் ‘70 ஜிஎஸ்எம் தாள் எனில்’ என்றுதான் தொடங்குகிறது. அது 70 தானா என்று பார்ப்பது கணக்கில் சேர்வதில்லை.

பார்ப்பது கடினமும் அன்று. தாளிலிருந்து 10 செ.மீ. சதுரமாகப் பத்துத் துண்டுகளைத் துல்லியமாக வெட்டி, கிராமில் பத்தில் ஒன்று காட்டும் தராசில் ஒன்றாக வைத்தால் போதும். 7 கிராம் என்றால் 70 ஜிஎஸ்எம், 7.3 என்றால் 73. உறையில் 70 என்று அச்சிட்ட தாள் உண்மையில் 73 ஆக இருந்தால் டபுள் டெமி ரீமின் எடை 19.5 கிலோவாகிறது. கிலோக் கணக்கில் வாங்குபவர் ரீமுக்கு 800 கிராம் கூடுதலாகக் காசு கொடுக்கிறார், ஒரு தாள்கூடக் கூடுதலாகப் பெறாமல். ரீம் கணக்கில் வாங்குபவருக்கு இதே வித்தியாசம் ஆதாயம். ஆக, அளவு தெரியாமல் விலை மலிவா அதிகமா என்றே சொல்ல முடியாது. சூத்திரம் இரு இடத்திலும் சரியாகவே வேலை செய்திருக்கிறது. உள்ளே போன எண்தான் பொய்.

தடிமன் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். ஜிஎஸ்எம் என்பது எடை. அதைத் தடிமனாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ ஏறத்தாழ 100 மைக்ரான் வரும். அதே 100 மைக்ரானை எட்ட ஆர்ட் பேப்பர் 130 ஜிஎஸ்எம் அளவுக்குப் போக வேண்டியிருக்கும். 320 பக்க மேப்லித்தோ புத்தகம் என்றால் 160 இலை, முதுகு 16 மி.மீ. 80 என்ற எண்ணையே மைக்ரானாக எடுத்தால் 12.8 என்று வரும். அந்த 3 மி.மீ. பிழையோடு அட்டை அச்சாகிவிட்டால், முதுகில் நிற்க வேண்டிய தலைப்பு ஓரத்துக்கு ஏறிவிடும். இருபது இலைகளைச் சேர்த்து மைக்ரோமீட்டரில் பிடித்து இருபதால் வகுத்திருந்தால் இந்த விபத்து இல்லை. ஒற்றை இலையை அளப்பதைவிட இருபதை அளந்து வகுப்பதில் பிழை குறையும் என்பதும் கணக்குதான். அதைக் கணக்குப் பாடத்தில் யாரும் சேர்ப்பதில்லை என்பதுதான் வேதனை.

அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்து புழங்குவதைப் பலர் பெரிய குற்றமாகச் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. புத்தக வேலையில் 5.5 அங்குலத்தை 140 மி.மீ. என்று எடுத்தால் 0.3 மி.மீ. பிழை, டிரிம்மிங்கில் காணாமல் போகும். ஆனால் ஒரே அளவு திரும்பத் திரும்ப வரும் இடத்தில் அது காணாமல் போவதில்லை, சேர்கிறது. 24 அங்குலத் தாளில் ஒன்றரை அங்குல லேபிள் வரிசைக்கு 16. ஒன்றரை அங்குலம் 38.1 மி.மீ.; கட்டிங் மெஷினில் 38 என்று வைத்து நகர்த்திக்கொண்டே போனால் வரிசை முடிவதற்குள் 1.6 மி.மீ. தள்ளிப்போய், கடைசி லேபிள்களின் பார்டரில் கத்தி விழுகிறது. எந்தப் பிழையை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்ற விவேகம் சூத்திரத்தில் இல்லை, அளவில்தான் இருக்கிறது.

வேஸ்டேஜ் கணக்கில் இந்தக் குறை பணமாகவே வெளிப்படுகிறது. ‘நூற்றுக்கு மூன்று போடு’ என்பது பொதுவான வாய்மொழி. 1000 தாள் ஜாபுக்கு அது 30 தாள். கலர் வேலையில் ரெஜிஸ்டர் பிடிப்பதற்குள்ளேயே தீர்ந்துவிடும். 1,00,000 தாள் ஜாபுக்கு அதே விகிதம் 3000 தாள். அவ்வளவு தேவைப்பட்டால் மெஷினில்தான் கோளாறு. மேக்ரெடிக்கு, அதாவது ஓட்டத்துக்கு முன் மெஷினைச் சரிப்படுத்துவதற்குப் போகும் தாள் ஜாபின் அளவைச் சார்ந்ததன்று. ஓட்டத்தில் போகும் தாள் அதைச் சார்ந்தது. இரண்டையும் ஒரே சதவீதத்தில் அடைத்ததால், சின்ன வேலைகள் பாதியில் தாளுக்கு அலைகின்றன, பெரிய வேலைகளின் விலை தேவையில்லாமல் ஏறுகிறது. அச்சுக்கு 4, மடிப்புக்கு 2, பைண்டிங்குக்கு 2 என்று கூட்டி 8 சதவீதம் சேர்ப்பதிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. 10,000 வேண்டுமென்று 10,800 எடுத்தால் முடிவில் கைக்கு வருவது 9957. அந்த 43 பெரிதில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். முதல் ஓட்டைதான் அச்சகத்தைக் கடிக்கிறது.

இதற்கெல்லாம் இப்போது மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். எஸ்டிமேட் மென்பொருள் வகுப்பதில் தவறாது, உண்மை. ஆனால் அதுவும் ஜிஎஸ்எம் எவ்வளவு, மைக்ரான் எவ்வளவு, மேக்ரெடிக்கு எத்தனை தாள் என்றுதான் கேட்கிறது. பழைய பொய்யை இரண்டு தசமத் துல்லியத்தோடு திருப்பித் தருவது அதன் தனித் திறமை. அனுபவக் கை விரலாலேயே தாளை எடைபோடும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. 60-க்கும் 80-க்கும் இடையிலான வித்தியாசத்தை விரல் பிடித்துவிடும், சந்தேகமில்லை. 70-ஐயும் 73-ஐயும் பிரிக்க அதை நம்ப முடியாது. பிளேட்டுக்கு அடியில் வைக்கும் பேக்கிங்கில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கூடினாலே அச்சின் நீளம் மாறும் என்னும்போது, விரலை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. கருவி வாங்கச் சிறு அச்சகத்துக்கு வசதி ஏது என்ற கேள்விக்கு ஒரே பதில்: ஒரு மைக்ரோமீட்டரும் சின்னத் தராசும், தூக்கிப் போட்ட ஒரு நான்கு கலர் அட்டை வேலையைவிட மலிவு.

உண்மையான தடை வசதி இல்லாமை என்று நான் நினைக்கவில்லை. கணக்கு முதலாளியின் மேஜையில் நடக்கிறது, அளவு மெஷினடியில் கிடக்கிறது. எத்தனை தாள் எஸ்டிமேட் போட்டார்கள் என்று மிஷின்மேனுக்குத் தெரியாது. உண்மையில் எத்தனை தாள் மேக்ரெடிக்குப் போனது என்று எஸ்டிமேட் போட்டவருக்குத் தெரியாது. ஜாப் கார்டில் ‘கணக்கு’ என்று ஒரு கட்டம், ‘நடந்தது’ என்று பக்கத்தில் ஒரு கட்டம் போட்டால், சில மாதங்களில் ஒவ்வொரு அச்சகத்துக்கும் அதனதன் மெஷினுக்குப் பொருந்தும் சொந்தக் கைக்கணக்கு கிடைத்துவிடும். இரண்டாவது கட்டத்தை நிரப்பினால் திட்டு விழும் என்ற பயம் இருக்கும்வரை தொழிலாளி அதில் முதல் கட்டத்து எண்ணையேதான் எழுதுவார்.