கைக்கடங்கிய களம்

குறுந்தொகைப் பாடலைப் பெருங்காப்பியம் ஒன்றின் சுருக்கமாகக் கருதிப் படிப்பார் எவருமிலர். நான்கடி முதல் எட்டடி வரையில் அமைந்த அதன் சிற்றளவே அதன் இலக்கணமாகும். கையடக்கக் கருவிகளில் ஆடப்பெறும் அதிரடி ஆட்டங்களைத் திறனாய்வு செய்யப் புகுவோர்க்கும் இது வழிகாட்டும். கூடத்துத் தொலைக்காட்சிக்கென உருவான ஆட்டத்தை அப்படியே சுருக்கி உள்ளங்கைக்குள் திணிப்பதால் கையடக்க ஆட்டம் பிறந்துவிடாது.

இதனை உணர்வதற்குச் சிங்கப்பூரில் தனி ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினாற் போதும். ஒரு கை கம்பியைப் பற்றியிருக்கும். மறு கையின் பெருவிரல் ஒன்றே ஆட்டத்துக்கு உரியது. சற்று நேரத்தில் ஃபேரர் பார்க் வந்துவிடும்; கதவு திறக்கும்; யாரோ ஒருவர் தோளில் இடித்துக்கொண்டு இறங்குவார். பெருவிரலும், எந்நேரமும் அறுபடக்கூடிய கவனமுமே இவ்வகை ஆட்டத்துக்கு வாய்த்த மேடை.

சப்பானிய நிறுவனமான நின்டெண்டோ இவ்வுண்மையை முன்னரே அறிந்திருந்தது. 1980இல் அந்நிறுவனத்தின் குன்பெய் யோகோய் உருவாக்கிய ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் சிறு கருவி, ஒரு திரையில் ஓர் ஆட்டத்தோடு நிறைவுகொண்டது. 1982இல் வந்த ‘டாங்கி காங்’ கருவியில், இடப் பெருவிரலின் கீழே கூட்டற்குறி வடிவான விசையொன்று இடம்பெற்றது. விரலுக்கு ஓரிடமும் கண்ணுக்கு ஓரிடமும் அமைந்தன. விசையின் மேடு விரலுக்குத் தட்டுப்பட்டதால் கண் குனிந்து பார்க்க வேண்டியிராது. 1989இல் வெளிவந்த ‘கேம் பாய்’ வண்ணமே இல்லாதது. எனினும், வண்ணத்திரை கொண்ட போட்டிக் கருவிகள் மின்கலங்களை விரைந்து விழுங்கிக்கொண்டிருக்க, அது நெடுநேரம் உழைத்து அவற்றை விஞ்சிற்று.

2007இல் ஐபோன் வந்தபின் விசைகள் மறைந்தன. கண்ணாடியே களமாயிற்று, காண வேண்டிய இடத்தையே விரல் மறைக்கலாயிற்று. பலர் கண்ணாடியின்மீது விசையின் படத்தை வரைந்து சிக்கலைத் தீர்த்துவிட்டதாக எண்ணினர். படத்துக்கு மேடு ஏது? பெருவிரல் வழுக்கும், கண் கீழே தாழும், அக்கணத்தில் பகைவனின் வாள் இறங்கிவிடும். அங்கே தோற்றவர் ஆடியவர் அல்லர், கண்ணாடிதான். அதிரடி ஆட்டத்தின் உயிர்நாடி வேகமன்று, நேர்மையே. தோல்வி தன் பிழையால் நேர்ந்தது என்று ஆடுபவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் கிடைத்தால்தான் அவர் மறுபடியும் ஆடுவார்.

சிங்கப்பூரின் ஜென்டில்பிரோஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ‘கேட் குவெஸ்ட்’ இந்நேர்மையைக் கண்ணாடியின்மீதே நிலைநாட்டிய படைப்பு. கடத்தப்பட்ட தங்கையைத் தேடிச் செல்லும் பூனையின் கதை அது. கதை எளியது, அதில் நெடிது நிற்க ஒன்றுமில்லை. சிறப்பெல்லாம் போர்முறையில் உள்ளது. கைப்பேசியில் தரையைத் தொட்டால் பூனை அங்கே நடக்கும்; பகைவனைத் தொட்டால் தாக்கும். பகைவன் தாக்குமுன் அவனைச் சுற்றித் தரையில் செந்நிற வட்டமொன்று விரியும். அது நிறைந்த பின்னரே அடி விழும். விரல் பகைவனை மறைத்தாலும் வட்டம் விரலுக்கு வெளியே தெரியும். தப்ப நினைப்பவர்க்குத் தப்பக் காலமுண்டு. பேராசையால் இன்னுமோர் அடி கொடுக்க நின்றவர் அடிபடுவார். குற்றம் யாருடையது என்பதில் ஐயமே எழாது. நாட்டுப் படத்தைப் போல் ஊர்ப்பெயர்கள் நிலத்தின்மீதே எழுதப்பட்டிருப்பதால், ஆட்டத்தை நடுவே விட்டுப் போனவர் திரும்பி வரும்போது வழி தேடித் தவிப்பதில்லை.

குறை இல்லாமலும் இல்லை. குகைகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றன. ஒரே அமர்வில் பலவற்றைக் கடப்பவர்க்குச் சலிப்புத் தட்டும். ஆனால் ரயிலில் நாளொன்றுக்கு இரண்டு குகை என்று ஆடுபவர்க்கு இக்குறை உறைப்பதே இல்லை.

இதே நகரின் கரீனா நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘ஃப்ரீ ஃபயர்’ வேறொரு நேர்மையைப் பேசுகிறது. வியட்நாமியக் கலைஞர்கள் உருவாக்கிய இவ்வாட்டத்தில், தீவொன்றில் ஐம்பதின்மர் இறங்கி, பத்து நிமிட அளவில் ஒருவர் எஞ்சுவர். பப்ஜியில் நூற்றுவர், ஆட்டம் அரைமணி வரை நீளும். ‘ஃப்ரீ ஃபயரின்’ காட்சிகள் எளியவை என்று குறைகூறுவோர், மலிவான கைப்பேசியில் விலையுயர்ந்த காட்சி ஓடும்போது நிகழ்வதை எண்ணிப் பார்ப்பதில்லை. படம் திக்கும், திக்கிய நொடியில் உயிர் போகும். அது திறமையின் தோல்வியன்று, பணப்பையின் தோல்வி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையை அடுத்த புல்வெளியில் அமர்ந்து கைப்பேசியைத் திறக்கும் கட்டுமானத் தொழிலாளர்க்கு, எளிய காட்சி என்பது ஆட்டத்துக்குள் நுழையும் உரிமையாகும். துப்பாக்கி தானே ஓரளவு குறியை நாடிச் செல்வதையும் சிலர் எள்ளுவர். பெருவிரலுக்கு அத்துணை தேவைதான். அதைக் குறையென்பது, முதியவரின் கைத்தடியைக் கண்டு நகைப்பதற்கு ஒப்பாகும்.

ஆயினும், ஒரு கையால் வழங்கிய நேர்மையை மறு கையால் விற்பதை மன்னிக்க இயலாது. இவ்வாட்டத்தில் துப்பாக்கிக்கு அணியும் மேற்பூச்சுகள் வெறும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. அவற்றுட் பல தாக்குவலிமையையோ சுடும் வேகத்தையோ கூட்டுவன. மலிவான கருவியோடு சமமாக உள்ளே நுழைந்தவர், காசு செலவிட்டவரிடம் களத்தில் மீண்டும் தாழ்ந்துபோகிறார். செந்நிற வட்டம் நிறையும்வரை காத்திருந்து அடித்த பகைவனிடம் இல்லாத வஞ்சம் இங்கே உண்டு. தனி அறை அமைத்து ஆடும் நண்பர்கள் இக்கூடுதல் வலிமையை நீக்கி வைக்க வழியிருக்கிறது. முன்பின் அறியாத நாற்பத்தொன்பது பேரோடு தீவில் இறங்குபவர் அதனை நீக்கிக்கொள்ள முடிவதில்லை.