புருவத்துக்கும் ஒரு வரி

நெய்வேலி போன்ற சுரங்க ஊரில், கிரேன் ஓட்டுபவருக்குக் கீழிருந்து கை காட்டுவது வெறும் சமிக்ஞை: தூக்கு, இறக்கு, நிறுத்து. காதுகேளாதோரின் சைகைமொழி அப்படியல்ல. அதற்கு முழு இலக்கணமே உண்டு. அதைக் கண்டெடுக்கும் வேலையின் நேர்த்தி அலாதியானது.

ஆய்வாளர்கள் காதுகேளாதோருக்கு ஒரு படக்கதையைக் காட்டி, சைகையில் சொல்லச் சொல்லி வீடியோ எடுக்கிறார்கள். பிறகு ஈலான் என்ற மென்பொருளில், வலது கைக்கு ஒரு வரி, இடது கைக்கு ஒன்று, புருவத்துக்கு ஒன்று, தலையசைவுக்கு ஒன்று எனப் பிரித்துக் குறிக்கிறார்கள். புருவம் எங்கே உயர்ந்தது, எங்கே இறங்கியது என்பதுகூடத் தப்பாது. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளில் பல நேரம் கை செய்தியைச் சொல்ல, முகம்தான் அதைக் கேள்வியாக்குகிறது!

அந்த மென்பொருள் பரவுமுன்பே, மொழியியலாளர் உல்ரிக்கே செஷான் டெல்லியிலும் கராச்சியிலும் ஆராய்ந்து, 2000இல் இந்திய-பாகிஸ்தானியச் சைகைமொழி பற்றி நூல் வெளியிட்டார். அம்மொழியில் வினாச்சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும்.

இப்படி ஒரு விதியை ஆய்வாளர் ஊகிக்கலாம். சரிதானா என்று சொல்ல வேண்டியவர், அம்மொழியிலேயே வளர்ந்த காதுகேளாதவர். அவரைக் கேட்காமல் எழுதிய சைகை இலக்கணத்தை நம்பாதீர்கள்.