நாலும் அஞ்சும் ஒன்பது

அம்பாசிடரில் எந்த வேலையை வாசலில் போட்டுச் செய்தாலும் எனக்கு இன்பம்தான். ஆனால் பாயிண்ட் தேய்ப்பது, பிளக் துடைப்பது, ஜெட் ஊதுவது எல்லாவற்றையும் சேர்த்தாலும் டேப்பெட் வைப்பதற்கு, அதாவது வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வதற்கு, ஈடாகாது. பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினைச் சொல்கிறேன். 1990களில் வந்த இசுசு இன்ஜின் வேகமானது. தொப்பூர் ஏற்றத்தில் லாரியைத் தாண்டும் தைரியம் அதற்கு உண்டு, மறுக்கவில்லை. டீசல்காரர்கள் மைலேஜ் கணக்கோடு வருவார்கள். பத்மினிப் பிரியர்கள் அதன் கைக்கடக்கமான ஓட்டத்தைப் புகழ்வார்கள். அவரவர் ருசி அவரவருக்கு. வால்வு கவரைத் தூக்கியதும் எட்டு ராக்கர்களும் வரிசையாக, எண்ணெய் மினுக்கத்தோடு, எந்த மறைப்பும் இல்லாமல் கை எட்டும் இடத்தில் நிற்கும் அந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்து அமைப்பின் அழகு எனக்கு வேறெதிலும் வாய்த்ததில்லை.

பிளக்கைக் கழற்றும் முன் ஹேண்டிலை மாட்டி இன்ஜினை மெல்ல இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். நாலு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக மணிக்கட்டை எதிர்க்கும். ஒன்று மட்டும் தளர்ந்து வழிவிட்டால் அங்கே வால்வையோ ரிங்கையோ சந்தேகப்படலாம். பிறகு பிளக்குகளைக் கழற்றினால் அத்தனை கனமான இன்ஜினும் ஒற்றைக் கைக்குச் சுற்றும். அதன்பின் ஒன்பதுக் கணக்கு. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வை. ஆறு திறந்தால் மூன்று. நாலு திறந்தால் அஞ்சு. ஏழு திறந்தால் இரண்டு. பிறகு அதையே தலைகீழாக. எந்த ஜோடியைக் கூட்டினாலும் ஒன்பது. 1-3-4-2 என்று வெடிக்கும் இன்ஜினில் இவ்வளவு சுத்தமான ஒரு கணக்கு ஒளிந்திருப்பதை முதன்முதலில் சித்தப்பா சொல்லிக் கேட்டபோது உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

இந்த எட்டில் என் மனம் எப்போதும் நாலிலும் அஞ்சிலும்தான். இரண்டும் எக்ஸாஸ்ட் வால்வுகள். ஒன்று இரண்டாம் சிலிண்டருடையது, மற்றது மூன்றாவதுடையது. இரண்டின் புகையும் நடுவில் ஒரே வழியாக வெளியேறுகிறது. ஓரத்தில் இருக்கும் ஒன்றுக்கும் எட்டுக்கும் தனித்தனி வழி உண்டு. நடுவிலிருப்பவை இரண்டும் ஒன்றின் சூட்டை மற்றது வாங்கிக்கொண்டு வேகின்றன. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கி வைக்கும் முக்கியமான இடம் சீட்டு. அதன் மேல் அழுந்தி உட்காரும் நேரத்தில்தான் அது ஆறுகிறது. இடைவெளி குறைந்தால் உட்காரும் நேரம் குறையும், இன்னும் குறைந்தால் முழுக்க மூடவே மூடாது. பிறகு விளிம்பு கருகும். சேலத்திலிருந்து வருகிறவர் தொப்பூர் கணவாயில் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி இரண்டாம் கியரில் ஏறும்போது, நாலும் அஞ்சும் அங்கே என்ன பாடுபடுகின்றன என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொப்பூர் இருக்கும் எங்கள் மாவட்டத்தில் இந்தச் சூட்டோடு தண்ணீரும் சேர்ந்துகொண்டது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரை பல ஊர்களுக்குப் போர் தண்ணீர்தான் கதி. புளோரைடு பல்லில் கறையேற்றியது. அதே தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களை அடைத்தது. எங்கள் வீட்டில் காருக்கென்று மழைத் தண்ணீரைப் பிடித்துத் தனியாக மூடி வைத்திருப்பார்கள். அதைக் குடிக்கக் கேட்டாலும் சித்தப்பா தரமாட்டார்.

டேப்பெட் இடைவெளிக்குப் புத்தகக் கணக்கு 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். கணக்கு பழகுவது எளிது, கை பழகத்தான் நாளாகும். கணக்கு நோட்டின் பக்கங்களுக்கிடையே அழுந்திய ரசீதை உருவுவதுபோல, ஃபீலர் கேஜின் தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். சும்மா வந்தால் அதிகம், வளைந்தால் குறைவு. ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கும்போது இடைவெளி மறுபடி நகரும், அதனால் இறுக்கிய பிறகும் தகட்டை விட்டுப் பார்த்தே ஆகவேண்டும். ராக்கரின் முனை தேய்ந்து குழி விழுந்திருந்தால் தட்டையான தகடு குழியின் மேல் பாலம் போட்டு நின்றுவிடும். கேஜ் சரி என்னும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். அந்தக் குழியை நகக்கண்ணால் தடவிக் கண்டுபிடிப்பதில் உள்ள திருப்தியை எந்த ஒர்க்‌ஷாப் பில்லும் எனக்குத் தந்ததில்லை.

கேஜே வேண்டாம், காது போதும் என்பவர்கள் உண்டு. கை தேர்ந்த பழைய மேஸ்திரிகள் சிலர் அப்படியே வைத்துச் சரியாகவும் வைத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் நான் கேஜ் கட்சிதான். காது சத்தம் அதிகமானால் கண்டுபிடிக்கும். இடைவெளி குறைந்துபோனதை அதற்குக் கேட்கத் தெரியாது. சத்தம் போடும் டேப்பெட்டால் பெரும்பாலும் எரிச்சல்தான் வரும், சத்தமே இல்லாமல் இறுகியிருக்கும் டேப்பெட்டால் வால்வே போகும். இப்போது பல இடங்களில் கஸ்டமர் சத்தத்துக்கு முகம் சுளிக்கிறார் என்பதற்காகவே கொஞ்சம் கூடுதலாக இறுக்கி, வண்டி அமைதியாகிவிட்டது என்று சாவியைக் கொடுக்கிறார்கள். வால்வு கருக மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் யார் கை வைத்தது என்பதே மறந்துபோகும். இதைவிடப் பெரிய வருத்தம் எனக்கு இந்த வேலையில் இல்லை.

புதிய கார்கள் பலவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எண்ணெய் அழுத்தமே இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான், நீடித்தும் உழைக்கிறது. பானெட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இன்ஜின் முகத்தையே மறைத்துக்கொண்டிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு வால்வு எங்கே திறக்கிறது என்று எதைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது?

உத்தர்பாராவில் 2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே வால்வு கவருக்கு அடியில் வைக்கும் நல்ல கார்க் பேக்கிங் கிடைப்பது அரிதாகிவிட்டது. இப்போது வருபவை வாங்கும்போதே காய்ந்து சுருங்கியிருக்கின்றன. கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் பழைய அளவுக்கு நீளும், ஆனால் கனம் குறைவு. கவர் நட்டைக் கொஞ்சம் அதிகமாக இறுக்கினாலே பிதுங்கி எண்ணெய் கசிகிறது. நான் கனமான கார்க் தாளாக வாங்கி, கவரை அதன் மேல் கவிழ்த்துக் கோடு இழுத்து, பிளேடால் வெட்டிக்கொள்கிறேன். மூலைகளை மட்டும் இரண்டாம் முறை சீவினால் போதும், கசிவதில்லை.